யகரம் நீங்கிய சுற்றறிக்கை

குளிர்கால விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையில் எடையளவு முத்திரை அலுவலகத்தின் ஊழியர்கள் ஒன்றாகக் கூடி உண்பது வழக்கம். ஆண்டு முழுவதும் ஒருவரைப் பற்றி ஒருவர் மேலிடத்துக்கு எழுதியவர்கள், அந்த ஒரு மாலை மட்டும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறிக்கொள்வார்கள். இதற்கு நல்லிணக்கம் என்று பெயர்.

சென்ற ஆண்டு அந்த உணவு பதினான்கு வகையாகப் பெருகிவிட்டது. உண்டவர்களில் பாதிப் பேர் விடுமுறையைப் படுக்கையில் கழித்தார்கள். விடுமுறையில் நோயுற்றால் மருத்துவ விடுப்பு கிடையாது என்பதால், இது ஊழியர்களுக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதியாகக் கருதப்பட்டது. ஆகவே இந்த ஆண்டு எளிய உணவே போதும் என்று இயக்குநர் வாய்மொழியாக ஆணையிட்டார்.

தட்டச்சம்மா அதை ‘எலிய உணவு’ என்று அடித்தார். அவரைப் பொறுத்தவரை லகரமும் ளகரமும் இரட்டைப் பிள்ளைகள். எது வந்து நின்றாலும் வாஞ்சையோடு ஏற்றுக்கொள்வார். கண்காணிப்பாளர் அப்படிப்பட்டவர் அல்லர். தமிழில் ‘எலிய’ என்றொரு சொல் இல்லை என்பதை அவர் கண்டவுடன் கண்டுகொண்டார். ஆயினும் அவசரப்படாமல் அகராதியைப் புரட்டி உறுதி செய்துகொண்டு, சிவப்பு மையால் யகரத்தை அடித்து நீக்கினார். இவ்வாறு பிழை நீங்கிய சுற்றறிக்கை இயக்குநரிடம் சென்றது. எல்லாச் சுற்றறிக்கைகளையும் படிப்பதுபோலவே இயக்குநர் இதையும் படித்தார். அதாவது, கையெழுத்திட வேண்டிய இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

“விடுமுறைக் கூடுகைக்கு எலி உணவு ஏற்பாடு செய்யப்படும். வேறு எவ்வகை உணவும் அனுமதிக்கப்பட மாட்டாது.”

இதை நிறைவேற்றும் பொறுப்பு முத்திரை அக்காவிடம் வந்தது. தராசுகளுக்கும் படிக்கற்களுக்கும் ஈய முத்திரை அடிப்பவர் என்பதால் அவருக்கு அப்பெயர். கணவரும் மகளும் வேறோர் ஊரில் இருக்க, மூன்று ஆண்டுகளாக இங்கே தனியறையில் வாழ்ந்து வந்தார். அவருடைய மாறுதல் கோப்பு இயக்குநரின் மேசையில் இருந்தது. “கூடுகை நல்லபடியா முடியட்டும்மா, அன்னிக்கே கையெழுத்து போட்டுடறேன்” என்று இயக்குநர் வாக்களித்திருந்தார். விடுமுறை முடிந்ததும் புதிய இயக்குநர் வந்துவிடுவார். வந்தால் கோப்பு முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

அக்கா சுற்றறிக்கையோடு கண்காணிப்பாளரிடம் போனார்.

“சார், இதுல ‘எளிய’ன்னு இருந்திருக்கணும்.”

“இருந்திருக்கணும்ங்கறது உங்க கருத்து. இருக்கறது ஆணை.”

“அதுக்காக எலி உணவா சார்?”

“ஏம்மா, அது நான் திருத்தினது. என் திருத்தம் தப்புன்னா, அதுல கையெழுத்து போட்ட ஐயாவும் தப்பு. நேராப் போய் அவர்கிட்டயே சொல்றீங்களா? உங்க கோப்பு வேற அங்கதான் கிடக்கு.”

அக்கா சுற்றறிக்கையை மறுபடி ஒருமுறை படித்தார்.

“சரி சார். எலியாகிய உணவா, எலிக்கு உணவா?”

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. இந்த அலுவலகத்தில் எவரும் அவரிடம் இலக்கண ஐயம் கேட்டதில்லை. “ரொம்ப நல்ல கேள்வி. நீங்க என்ன நினைக்கறீங்க?”

“நான்காம் வேற்றுமையே இருக்கட்டும் சார். செய்ய எளிது.”

“அந்தச் சொல்லை மட்டும் இந்தப் பிரிவுல இனிமே பயன்படுத்தாதீங்க. எலிக்கு எது உணவுன்னு உரிய துறையில எழுதி வாங்கிக்கோங்க.”

உரிய துறை எதிர்க் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. எலி ஒழிப்பு ஆய்வாளர், காகிதங்கள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் ஓர் எலிப்பொறியை வைத்துவிட்டு, மதிய உணவு உண்டுகொண்டிருந்தார்.

“எலி என்னென்ன சாப்பிடும் சார்?”

“எத்தனை எலி?”

“நாற்பது பேர்.”

ஆய்வாளர் மெல்லுவதை நிறுத்தினார். “ஒழிக்கவா, வளர்க்கவா?”

“விருந்து வைக்க.”

“அரசு அலுவலகமா?”

“ஆமா சார்.”

“அப்ப சரி.” அதற்குமேல் அவர் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. “ரொட்டி, வெண்ணெய், அவிச்ச சோளம், வறுத்த கடலை, ஆப்பிள்...” சொல்லிக்கொண்டே வந்தவர், தம் உணவுப் பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “சொல்லப்போனா, நாம சாப்பிடறது எல்லாத்தையும் அதுவும் சாப்பிடும்மா.”

“காய்கறி சூப் குடிக்குமா?”

“உள்ள விழுந்தா குடிக்கும்.”

‘சூழ்நிலைக்கேற்ப அருந்தும்’ என்று அவர் எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தார். அக்கா கேட்க நினைத்த எளிய உணவு முழுவதும் இவ்வாறு அரசு அங்கீகாரம் பெற்றது.

கூடுகை நாளன்று சோதனைக் கூடத்தில், தராசுகளை ஒதுக்கி நீண்ட மேசையில் உணவு வைக்கப்பட்டது. சூப்பிலிருந்து ஆவி எழுந்து சன்னல் கண்ணாடிகளில் படிந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் கண்காணிப்பாளர் தம் கையால் எழுதிய அட்டை நின்றது: ‘எலி உணவு – ரொட்டி’, ‘எலி உணவு – சோளம்’. நாற்பது பேரும் கம்பளிச் சட்டையோடு சுவரை ஒட்டி நின்றார்கள். எவரும் தட்டைத் தொடவில்லை.

அவர்களைக் காப்பாற்றியவர் துணை இயக்குநர் அம்மையார். மாதம் ஓர் உணவுமுறையைக் கைக்கொண்டு, மாதக் கடைசியில் அதைக் கைவிடுபவர் அவர். தமக்குத் தெரியாத உணவுமுறை ஒன்று உலகில் இருக்கிறது என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

“ஓ, இதுவா! இதுதானே இப்ப எல்லா இடத்துலயும். ஆனா அப்படியே மெல்லக் கூடாது. முன்பல்லால கொறிக்கணும். அப்பதான் சத்து உள்ள இறங்கும்.”

நாற்பது பேரும் முன்பல்லால் கொறித்தார்கள். காசாளருக்கு மூன்றாவது ரொட்டியிலேயே முழங்கால் வலி குறைந்தது. “உடம்பு லேசா இருக்குல்ல?” என்று தட்டச்சம்மா எல்லாரிடமும் கேட்டார். இருந்தது.

இயக்குநர் வந்தார். அட்டையைப் படித்தார். அந்த அலுவலகத்தில் அவர் முழுமையாகப் படித்த முதல் வாசகம் அது.

“எலி உணவா?”

“ஐயாவோட ஆணைப்படி” என்றார் கண்காணிப்பாளர்.

“ஆமாமா. ரொம்ப நாளா மனசுல இருந்தது.” தொண்டையைச் செருமிக்கொண்டு இயக்குநர் உரையாற்றத் தொடங்கினார். எலி சுறுசுறுப்பானது என்றார், சிக்கனமானது என்றார், நம் கோப்புகளை நம்மைவிட ஆழமாக உட்கொண்டது என்றார். கைதட்டல் எழுந்தது.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள், அவர் மேசையிலிருந்து எடுத்து வந்திருந்த மாறுதல் கோப்பை அக்கா நீட்டினார்.

“மாறுதலா? உங்களையா? நல்லா இருக்கே! இந்தத் துறையிலயே எலி உணவு தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். உங்களை எப்படிம்மா விட முடியும்?”

“வாரா வாரம் ஒரு பயிற்சி வகுப்பே வைக்கலாம் சார்” என்றார் துணை இயக்குநர் அம்மையார், கொறித்துக்கொண்டே.

படுக்கையைச் சுருட்டி, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் அக்கா அன்று வேலைக்கு வந்திருந்தார். “அம்மா நாளைக்கு வந்துடுவேன்” என்று மகளிடம் சொல்லியும் ஆயிற்று.

“ஐயா, அது எழுத்துப்பிழை. நீங்க சொன்னது எளிய உணவு. இது வெறும் ரொட்டி, வெறும் சோளம். இதை யார் வேணும்னாலும் செய்யலாம்.”

கொறிக்கும் ஓசை நின்றது.

“வெறும் ரொட்டியா?” என்றார் காசாளர். முழங்காலைத் தடவிக்கொண்டு தட்டைக் கீழே வைத்தார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வைத்தார்கள். எலி உணவு என்று உண்டவர்களுக்கு, மனித உணவு என்று தெரிந்ததும் இறங்கவில்லை.

இயக்குநர் கோபப்படவில்லை. மிகத் தணிந்த குரலில் கேட்டார்.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“சுற்றறிக்கை வந்த அன்னிக்கே ஐயா.”

“படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“முழுசாவா?”

“முழுசா.”

இயக்குநர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் உத்தரத்தைப் பார்த்தார்.

“நான் அனுப்பின மத்ததையெல்லாம்?”

“எல்லாத்தையும் படிச்சிருக்கேன் ஐயா.”

இயக்குநர் பேனாவைத் திறந்தார். “‘நிர்வாக நலன் கருதி’ன்னு போடுங்க. ‘உடனடியாக’ன்னும் சேர்த்துக்கோங்க” என்று கண்காணிப்பாளரிடம் சொல்லியபடியே மாறுதல் கோப்பில் கையெழுத்திட்டார்.

முத்திரை அக்கா அன்று மாலையே பேருந்து ஏறினார்.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று, போகிற இயக்குநரின் கடைசிச் சுற்றறிக்கை மேசைதோறும் இருந்தது: இனி இவ்வலுவலகத்தில் எவரும் சுற்றறிக்கைகளைப் படிக்கலாகாது. எல்லாரும் அதைப் படிக்காமலேயே கையெழுத்திட்டார்கள். அந்தத் துறையின் வரலாற்றில் முழுமையாக நிறைவேற்றப்பட்ட ஆணை அது ஒன்றுதான்.