அத்தா கொடுத்தாலும் ஆகாது

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த எவனும் தனக்கு மலையாளம் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மாட்டான். நான் ஒரு படி மேலே போய் அதற்கு இலக்கணமே வகுத்து வைத்திருந்தேன். ‘ஐ’ என்று முடிகிற தமிழ்ச் சொல்லை ‘அ’ என்று முடித்தால் மலையாளம். மலை, மல. தலை, தல. விலை, வில. உத்தமபாளையத்தில் ஒரு நாளிதழின் தாலுகா நிருபராக இருந்தபோது, எல்லைப் பக்கத்துச் செய்தி எது வந்தாலும் “எனக்குப் பாஷை தெரியும்” என்று நானே கிளம்பிவிடுவேன். நான் எழுதிய எதற்கும் திருத்தம் போட வேண்டி வந்ததில்லை. (மலையாளிகள் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.)

அந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு 2003-ல் என் மகளைக் கொல்லப் பார்த்தேன்.

சமீமாவுக்கு மூன்று வயதில் யாரோ ஒரு துண்டு கடலை மிட்டாய் கொடுத்தார்கள். முதலில் உதடு வீங்கியது, பிறகு கண், பிறகு மூச்சு. தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஊசி போட்டு மீட்டோம். பரிசோதனையில் நிலக்கடலை, கொண்டைக்கடலை இரண்டுமே ஒவ்வாது என்று வந்தது. அன்றிலிருந்து கடலை என்று பெயர் உள்ள எதுவும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. விருந்துக்குப் போனால் நேராகச் சமையல்காரரிடம் போய், என்ன எண்ணெய், என்ன மாவு, எந்தக் கரண்டி என்று கேட்பேன்.

என் மனைவி ரஹ்மத்தின் அண்ணன் சிக்கந்தர் மச்சானுக்கு இது பெரிய வேடிக்கை. கம்பத்திலிருந்து கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் வைத்திருந்தார்.

“ஒத்தக் கடலைக்கு இம்புட்டு ரகளையா மாப்ள? கொலக் கேசுக்குக்கூட போலீசு இப்படி விசாரிக்க மாட்டாக.”

சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று விசாரித்தேன். இன்றும் விசாரிக்கிறேன். மானம் போனால் போகட்டும். மானத்துக்கு மூச்சுத் திணறாது.

பெரியவர்களைத் திருத்த முடியாது என்று தெரிந்ததும் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தேன். தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஒரு கேள்வி பதில் நடக்கும்.

“டீச்சர் கடலை குடுத்தா?”

“ஆகாது.”

“மாமா குடுத்தா?”

“ஆகாது.”

“அத்தா குடுத்தா?”

“ஆகாது!”

அத்தா நான்தான். கடைசிக் கேள்வியை ஓசைக்காகத்தான் சேர்த்தேன்.

அவளுக்கு ஏழு வயதானபோது கோட்டயத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ரஹ்மத்துக்குக் காய்ச்சல் என்பதால் வரவில்லை. டாக்டர் ஒவ்வாமைச் சோதனைக்காகப் பிள்ளையின் கையில் வரிசையாகப் புள்ளி வைத்துக் குத்தினார். ஒன்று மட்டும் கொப்புளமாக எழும்பியது. மற்றவை அப்படியே இருந்தன. அவர் சொன்னதைச் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: “கடல கொடுத்துத் தொடங்ஙாம். கப்பலண்டி தொடவே வேண்டா, கேட்டோ.” முதலில் அரை, அரை மணி நேரம் பார்க்க வேண்டும், பிறகு ஒன்று. வீட்டிலேயே செய்யலாம், மருந்து பக்கத்தில் இருக்கட்டும்.

“எழுதித் தரட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வேண்டா டாக்டர், எனிக்கு மலையாளம் அறியாம்” என்றேன்.

கடல என்றால் கடலை. எங்கள் ஊரில் வெறுமனே கடலை என்றால் நிலக்கடலை. அண்டி என்றால் முந்திரி என்று எங்கோ கேட்டிருந்தேன். ஆக, கப்பலண்டி கப்பலில் வந்த முந்திரி. இலக்கணம் கனகச்சிதமாகப் பொருந்தியது. நான்கு வருட முற்றுகை முடிந்தது என்ற செய்தியோடு ஊர் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏற்பாடு. சிக்கந்தர் மச்சானின் ஜீப்பை எதற்கும் இருக்கட்டும் என்று கம்பம் ரோட்டைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். மேசையில் கடிகாரம், மருந்து பாட்டில், நேரம் குறிக்கத் தாள். தாளில் ‘முதல் சுற்று’, ‘இரண்டாம் சுற்று’ என்று கோடு போட்டிருந்தேன். (தேர்தல் செய்தி எழுதிய கை.) வெள்ளைத் தட்டின் நடுவில் வறுத்த நிலக்கடலை, தோல் நீக்கியது, பாதி.

“வாயத் தொற தாயி.”

சமீமா தட்டைப் பார்த்தாள். “ஆகாது.”

“இப்ப ஆகும்மா. டாக்டரு சொல்லிட்டாக.”

“எங்கிட்டச் சொல்லலையே?”

“அத்தாகிட்ட சொன்னாகல்ல?”

“அத்தா குடுத்தாலும் ஆகாதுன்னு நீங்கதான சொன்னீக!”

சிக்கந்தர் மச்சான் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

கெஞ்சினேன். பொம்மை வாங்கித் தருவதாகச் சொன்னேன். கடைசியில், வெட்கத்தோடு எழுதுகிறேன், மிரட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்கு வருடம் நானே கட்டிய சுவர். அதில் நானே முட்டிக்கொண்டிருந்தேன்.

“பயப்படாத. பாரு, அத்தா திங்கிறேன்” என்று மிச்சமிருந்த கடலையை அள்ளி வாயில் போட்டு மென்றேன். “பாத்தியா? ஒண்ணும் ஆகல.” (எனக்கு என்ன ஆகும்?) அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மனசு கேட்கவில்லை. இழுத்து அணைத்து இடது கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தேன்.

பத்து இருபத்திரண்டுக்குக் கன்னம் சிவந்தது. இருபத்தைந்துக்குத் தடித்தது. சிவப்புக்கு ஒரு வடிவம் இருந்தது. மேலுதடு, கீழுதடு, ஓரத்தில் மீசை. என் வாய் என் மகளின் கன்னத்தில் அச்சாகிக்கொண்டிருந்தது. நான் தாளில் நேரம் குறித்தேன்.

“அங்கன என்னத்த எழுதிக்கிட்டு இருக்கீக? பிள்ளையப் பாருங்க!” ரஹ்மத் தாளைப் பிடுங்கி எறிந்தாள். கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்தை ஊற்றி, பிள்ளையோடு ஜீப்பில் ஏறினாள். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

ஜீப் கம்பத்தை நோக்கிப் பறந்தது. கன்னம்தான் சிவப்பு. மூச்சு சீராக இருந்தது. நான் ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டு வந்தேன்.

“டாக்டரம்மா என்னதான் சொன்னாக மாப்ள? சொன்னத அப்படியே சொல்லுங்க” என்றார் சிக்கந்தர் மச்சான்.

குறிப்பேட்டைத் திறந்து வாசித்தேன். உச்சரிப்பில்கூடக் குறை வைக்கவில்லை.

ஜீப் கொஞ்சம் தடுமாறி நேரானது.

“கப்பலண்டி வேண்டாம்னா சொன்னாக?”

“ஆமா, முந்திரி வேண்டாம்னு...”

“முந்திரியா? கப்பலண்டின்னா நெலக்கடலை மாப்ள! கடலன்னா கொண்டக்கடலை! குமுளியில புட்டுக்குக் கடலக்கறின்னு வாங்கித் தின்னீகளே, அதுல என்ன நெலக்கடலையா மெதந்துச்சு?”

குமுளியில் நான் நூறு தடவையாவது கடலக்கறி தின்றிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதில் கிடந்தது கறுப்புக் கொண்டைக்கடலைதான். தின்றேனே தவிர, பார்க்கவில்லை.

அந்தப் பாதிக் கடலை உள்ளே போயிருந்தால் என்பதை மூவரும் தனித்தனியாக யோசித்துக்கொண்டு வந்தோம். அம்மாவின் மடியிலிருந்து சமீமாதான் பேசினாள்.

“நான்தான் அப்பவே ஆகாதுன்னு சொன்னேன்ல?”

கம்பம் ஆஸ்பத்திரியில் மதியம் வரை வைத்திருந்து பார்த்தார்கள். தடிப்பு அடங்கியது. “இது என்ன காயம்?” என்று கேட்ட நர்ஸிடம், சமீமா என் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

கோட்டயத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஆங்கிலத்தில். டாக்டர், கொண்டைக்கடலையைத் தன் கண்ணெதிரிலேயே கொடுத்துவிடலாம், பிள்ளையை அழைத்துக்கொண்டு வாருங்கள், கூடவே மொழி தெரிந்த ஒருவரையும் அழைத்து வாருங்கள் என்றார். இந்த முறை ரஹ்மத்தும் வந்தாள். சிக்கந்தர் மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் மலையாளத்தில் சொன்னதைச் சமீமாவிடம் அவர் நேரடியாகத் தமிழில் சொன்னார். அவள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு வாயைத் திறந்தாள். அரை. ஒன்று. பிறகு ஐந்து. ஒன்றும் ஆகவில்லை. ரஹ்மத் அழுதாள். நானும்தான்.

“எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“நல்லாவே இல்ல” என்றாள்.

அங்கே ஆரம்பித்தது அடுத்த போர். விட்டால் ஒவ்வாமை திரும்பி வரலாம், வாரம் இரண்டு முறையாவது கொண்டைக்கடலை கொடுங்கள் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். தின்னாதே என்று நான்கு வருடம் போராடியவன், தின்னு என்று அதற்குப் பிறகு போராடிக்கொண்டிருக்கிறேன். நிலக்கடலை இன்றும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. அதில் நான் இறங்கி வரப்போவதும் இல்லை.

சமீமா இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். வாரா வாரம் போனில் கேட்கிறேன்.

“கடலை தின்னியா தாயி?”

“எந்தக் கடலை அத்தா? முழுப் பேரச் சொல்லுங்க.”

பக்கத்தில் சிக்கந்தர் மச்சான் இருந்தால் அவர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு நிறுத்தி, எழுத்தெழுத்தாகச் சொல்வேன்.

“கொண்டைக்கடலை.”

“அதுவா? ஆகும். ஆனா பிடிக்காது” என்று வைத்துவிடுகிறாள்.