வேருக்கு ஒடுக்கு எடுத்த கதை

பதற்றக்காரன் தப்பு செய்வதோடு நிறுத்திக்கொள்ள மாட்டான். அதைச் சரிசெய்யவும் கிளம்புவான். உலகத்தில் பாதி நாசம் இந்த இரண்டாவது வேலையால்தான் நடக்கிறது என்பது என் கருத்து. (மீதிப் பாதியும் நடந்திருக்கும். எனக்குக் கடையைத் திறக்க வேண்டியிருந்தது.)

ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது பாத்திரக்கடை. கல்யாணமான புதிதில், என் மனைவி கோமதி திருச்சியில் ஒரு கல்லூரியில் செடிகளின் வேரைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அங்கே செடி வளர்க்கும் அறையில் ஏ.சி. கெட்டுப்போனதால், அவளுடைய செடிகள் எங்கள் படுக்கையறைக்குக் குடிவந்தன. செடி என்றதும் தொட்டியைத் தேடாதீர்கள். கண்ணாடி போன்ற சதுரத் தட்டுகள். உள்ளே கடற்பாசிக் கூழ். அதன்மேல் கடுகுக்குத் தங்கை மாதிரி குட்டிக் குட்டி நாற்றுகள். தட்டுகள் நிமிர்ந்து நிற்கும். வேர்கள் வெள்ளை நூல்களாய் நேரே கீழே இறங்கும். அறையில் ஏ.சி. ஓடியது அவற்றுக்காக. நான் அந்தக் குளிரில் ஓசியில் தூங்கினேன்.

ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே கோமதி விளக்கினாள்.

"வேர் நுனி செல்லுக்குள்ள மாவுத் துகள் இருக்குங்க. கனமா இருக்கறதால அது அடியில போய் உட்காந்துடும். எந்தப் பக்கம் உட்காந்திருக்குன்னு பாத்து, ஒரு புரோட்டீன் இன்னொண்ணுக்குச் சொல்லும், அது அடுத்ததுக்குச் சொல்லும். கடைசியில வாசக்கதவு மாதிரி இருக்கற புரோட்டீன் எல்லாம் அந்தப் பக்கமா நகர்ந்து, ஹார்மோனை அங்க தள்ளிவிடும்."

"அந்தப் பக்கம் நல்லா வளரும்!"

"அதான் இல்ல. வேர்ல ஹார்மோன் ஜாஸ்தியானா வளர்ச்சி குறையும். அடிப்பக்கம் மெதுவா வளரும், மேல்பக்கம் வேகமா வளரும். வேர் கீழே வளையும்."

கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்ற சேதி பந்தியிலிருந்து சமையற்கட்டுக்குப் போகிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். புரிந்ததும் மறந்துவிட்டேன். தோசை முறுகலாக இருந்தது.

அவளுடைய ஆராய்ச்சிக் குழு கூடும் நாள் வந்தது. அன்று சாயங்காலம் வேர்களைக் காட்டி, நீளத்தை அளந்து ஒப்புதல் வாங்கினால்தான் அடுத்த வருஷம் தொடர முடியும். காலையிலேயே கல்லூரிக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று சொன்னாள்: "மூணரைக்குள்ள தட்டைக் கொண்டுவந்துடுங்க. நிமிந்தே இருக்கணும்ங்க. அம்புக்குறி போட்டிருக்கேன்."

"பாத்திரக்கடைக்காரன்கிட்ட தட்டைப் பத்தி சொல்றியா? போயிட்டு வா."

தட்டுகளை அட்டைப்பெட்டியில் நிமிர்த்தித்தான் வைத்தேன். வைக்கோல் சுற்றி, கயிறு கட்டி, கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே முசிறியிலிருந்து ஒரு குடும்பம் சீர்ப்பாத்திரம் எடுக்கக் காத்திருந்தது. எங்கள் தொழிலில் பெட்டிக்குத் தலை, கால் கிடையாது. இடம் எப்படியோ அப்படி. அலமாரியில் குத்துவிளக்குப் பெட்டிக்கும் இட்லிக்குண்டானுக்கும் நடுவே பக்கவாட்டில் சாய்த்துச் செருகிவிட்டு, அண்டாவைத் தட்டிக் காட்டப் போய்விட்டேன்.

மதியம் பெட்டியைப் பிரித்தேன். நேராக இறங்கிக்கொண்டிருந்த வேர்களில் பல நுனியில் திரும்பி, பொடிப்பொடியாய் 'ட' போட்டிருந்தன.

'ரங்கநாதா, நீ படுத்துக்கொண்டே உலகத்தைக் காக்கிறாய். இதுகளைப் படுக்க வைத்தால் இப்படி ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?'

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் மனைவிக்குப் போன் செய்வான். நான் தொழிலறிவைப் பயன்படுத்தினேன். பாத்திரத்தில் ஒடுக்கு விழுந்தால் என்ன செய்வோம்? எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டுவோம், நேராகிவிடும். வேர் இந்தப் பக்கம் வளைந்ததா? பெட்டியை அந்தப் பக்கமாகச் சாய்த்து வை! வைத்துவிட்டு, நிம்மதியாகத் தயிர்சாதம்கூடச் சாப்பிட்டேன்.

பிறகு ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். பெட்டியை மட்டும் குழந்தையைப்போல நிமிர்த்திப் பிடித்திருந்தேன். (காலையில் செய்ய வேண்டியது.)

குழுவுக்கு முன்னால் கோமதி தட்டை எடுத்தாள். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள். 'ட' எல்லாம் திரும்பவும் கொக்கி போட்டு, வரிசையாகத் தூண்டில் முள்ளாகியிருந்தன.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்த்தார். "கோமதி, இடப்பக்கம் சாதாரணச் செடி. வலப்பக்கம் நீ சேதி சொல்ற ஒரு புரோட்டீனை எடுத்துட்ட செடி. இடப்பக்கம் எல்லாம் வளைஞ்சிருக்கு, வலப்பக்கம் பாதிகூட வளையல. சேதி போய்ச் சேரலைன்னுதானே அர்த்தம்? அழகா இருக்கே! எப்ப திருப்பினே?"

கோமதி என் பக்கம் கையைக் காட்டினாள்.

"முசிறிக்காரங்க அண்டா பாக்கறப்போ மேடம்," என்றேன். "ரெண்டாவது தடவை, அவங்க விலை கேட்டுட்டு டீ குடிக்கப் போனப்புறம்."

குழுவில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பேராசிரியை பொத்தவில்லை, சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் நேரம் தெரியாத சோதனை சோதனையே இல்லை என்றும் சொன்னார். கூட்டம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. கோமதி முதலிலிருந்து விதைக்க வேண்டியதாயிற்று.

திரும்பும்போது பின் சீட்டில் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்து, பாலத்தின் நடுவில் வண்டியை ஓரங்கட்டினேன்.

"ஏங்க, அத எதுக்கு இன்னொரு தடவை திருப்பினீங்க?"

"ஒடுக்கு எடுத்தேன்."

அவ்வளவுதான். போகிற பஸ்ஸிலிருந்தெல்லாம் எட்டிப் பார்க்கும்படி சிரித்தாள். எனக்கு உயிர் திரும்பியது. அடுத்த மாதம் தட்டுகளை வேண்டுமென்றே திருப்பி, கடிகாரத்தைப் பார்த்து எழுதி, படமெடுத்து, குழுவைத் தலையாட்ட வைத்தாள். தட்டுகள் ஆட்டோவில் அவள் மடியில் போயின. நான் பின்னால் ஸ்கூட்டரில் போக அனுமதி கிடைத்தது.

இப்போது கோமதியே பேராசிரியை. அவளிடம் சேரும் மாணவர்களுக்கு முதல் பாடம் இந்தக் கதைதானாம். போன மாதம் ஒரு பெண் தன் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க அம்மாவோடு கடைக்கு வந்தாள். பித்தளை அண்டாவை ஆட்டோவில் ஏற்றப் போனேன். நிமிர்த்தி வைத்தால் கூரை இடித்தது. படுக்கப் போட மனம் வராமல் நின்றேன்.

"நீங்க கோமதி மேடம் வீட்டு அங்கிள்தானே?" என்று கேட்டாள் அந்தப் பெண். "சும்மா படுக்கப் போடுங்க அங்கிள். இதுக்கு வேர் இல்ல."