சொந்தக் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம்

தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தை. அதுவும் சாதாரண வார்த்தை இல்லை. காதில் விழுந்தால் எதிராளி நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1976 ஜனவரி முதல் தேதி, எளாவூரில், வாயில் வேப்பங்குச்சியோடு நான் எடுத்த சபதம் இது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க் நான். பெயர் பாக்கியநாதன். பாக்கியம் பெயரோடு சரி. மூர் மார்க்கெட்டில் வாங்கிய அட்டை போன டிக்ஷனரி ஒன்று என்னைத் தூக்கி நிறுத்தும் என்று நம்பினேன். காலையில் என் மனைவி சாராள் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். ஒப்பித்தால்தான் நாஷ்டா.

"கான்டாங்கரஸ்?"

"எடுத்ததுக்கெல்லாம் சண்டைக்கு நிக்கறவ."

"ஆம்பளைக்கும் சேத்துதான் போட்டுக்குது. சோம்னொலன்ட்?"

"இட்லி ஆறுது சாராளு."

"தூங்குமூஞ்சி. ஆறட்டும்."

பத்தில் நாலு தேறும். அந்த நாலையும் மேனேஜரிடம் அவிழ்த்துவிடுவேன். அவர் தலையாட்டுவார். எனக்குப் பெருமை தாங்காது.

ஆகஸ்டில் வந்தது வினை. எங்கள் ஆபீசுக்கு டெலிபோன் ஆபரேட்டர் தேவை. எஸ்.எஸ்.எல்.சி. போதும். விண்ணப்பம் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும். இதை வீட்டில் வந்து உளறியவன் நானேதான்.

"நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்தானே. நீங்க எழுதிக் குடுங்க, பாத்து எழுதிக்கறேன்" என்றாள்.

ஆபீசில் இருக்கும் எட்டு மணி நேரம்தான் நான் சுதந்திர மனிதன். எத்தனை டீ, எவ்வளவு அரட்டை என்று கேட்பாரில்லை. அதுவும் பறிபோனால் நான் எங்கே போவேன்? முடியாது என்று சொல்லிவிடலாம். யார் சொல்வது?

ஆகவே சிரித்த முகத்தோடு எழுதிக் கொடுத்தேன். நான் கான்டாங்கரஸ், வேலை நேரத்தில் சோம்னொலன்ட் என்று ஆரம்பித்து, பதினெட்டு வார்த்தைகளில் அவள் மானத்தை வாங்கியிருந்தேன். கேள்வி கேட்கிறவளுக்கு அர்த்தமெல்லாம் எங்கே மனசில் நிற்கப் போகிறது? படித்த எனக்கே நிற்கவில்லை.

பத்தே நாளில் இன்டர்வியூ. போனவள் வேலையோடு திரும்பி வந்தாள்.

"நான் எழுதினதையா குடுத்த?"

"சொந்தக் கையெழுத்துன்னாங்க. சொந்தமாவே எழுதிட்டேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நாலு வரி."

"என் பேப்பர்?"

"அதையும் எடுத்துக்கினுதான் போனேன். ஊட்டுக்காரருக்கு சம்மதமான்னு மேனேஜர் கேட்டாரு. சம்மதம் இல்லாமயா இவ்ளோ மெனக்கெட்டு எழுதிக் குடுத்துக்கிறாருன்னு நீட்டினேன்."

"படிச்சாரா?"

"படிச்சாரு. ஒண்ணும் புரியல. இன்னாம்மா இதுன்னாரு. பதினெட்டுக்கும் அர்த்தம் சொன்னேன். சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணி வந்துடுச்சி. இத்தினி மாசமா உங்க ஊட்டுக்காரர் பேசறது எதுவும் புரியாமதாம்மா தலையாட்டிக்கினு இருந்தேன்னாரு."

"அப்புறம்?"

"இனிமே உங்க லெட்டர் எது வந்தாலும், நான் படிச்சி அர்த்தம் சொன்னப்புறம்தான் கையெழுத்து போடுவாராம்."

போன வாரம், கடும் ஜுரம் என்று லீவு லெட்டர் கொடுத்தேன். சாராள் வாங்கிப் படித்து மேனேஜருக்கு அர்த்தம் சொன்னாள்: "கிரிக்கெட் பாக்கப் போறாரு சார்."