சிந்தியதும் சிந்தித்ததும்

இனிமேல் துடைப்பதில்லை என்று ஒற்று சார் முடிவெடுத்தார்.

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வீட்டிலிருந்து காப்பிக் கடைக்கு நடக்கும் வழி. ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் குழந்தையின் பை. அந்த நிலையிலும் படைகளுக்குக் கட்டளையிடும் தளபதிபோல் மார்பை நிமிர்த்தி அறிவித்தார்.

பாவம், துடைத்துத் துடைத்துக் களைத்துப்போன மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இதுவரை ஒரு தடவைகூடத் துடைத்ததில்லை. துடைக்காமல் இருந்ததை இன்று முதல் கொள்கை ஆக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒற்று என்பது அச்சகத்துக்காரர்கள் வைத்த பெயர். அங்கே அவருக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. க், ச், த், ப் எங்கே விடுபட்டாலும் அவருக்கு மூச்சு விடுபட்ட மாதிரி. இரங்கல் செய்தியில் ஒற்று விடுபட்டிருந்தால் முதலில் அதற்குத்தான் வருந்துவார், போனவருக்கு அப்புறம்.

"பேருதான் ஒற்று," என்றாள் கூட நடந்த மனைவி. "ஒரு நாளாவது ஒரு துணியை எடுத்து ஒத்தி எடுத்திருக்கீங்களா?"

"கடையில துடைக்கிறது அவங்க வேலைம்மா. அச்சகத்துக்கு வந்து என் வேலையை யாராவது பாக்கிறாங்களா?"

"உங்க வேலை என்ன? அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கிறது. அதை ஊர்ல எல்லாரும் இலவசமாவே பாக்கிறாங்க."

'அவங்க வேலை.' எவ்வளவு வசதியான சொல் பாருங்கள்! இரண்டரை வயதுப் பெண் கோப்பையைத் தூக்கும் வரை அது "என் பொண்ணு, என்ன தைரியம்!" கோப்பை கவிழ்ந்த அடுத்த நொடி அது கடையின் நிர்வாகப் பிரச்சினை. பரிமாறும் பெண் வந்து மேசைக்கு அடியில் குனிந்து கேக் துகளைக் கூட்டுகிறாள். அப்போது ஒற்று சார் சும்மா இருக்கிறவர் இல்லை. அவரும் உதவி செய்வார். இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார்.

குழந்தைக்கு வீட்டில் தூறல் என்று பெயர். வைத்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது. இப்போது உட்கார்ந்த இடமெல்லாம் அடைமழை.

"போன வாரம் இவ கவுத்த சாக்லெட் பால் நாலாவது மேசை வரைக்கும் ஓடிச்சு, ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி.

"ஓடட்டுமே. தரை சரிவா இருக்கு. அது கொத்தனார் தப்பு."

"கடைக்கார அக்கா சொல்லிட்டாங்க. இனி ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா, அடுத்த மாசத்துலேருந்து கடைக்குள்ள குழந்தைங்களையே விடறதில்லையாம்."

ஒற்று சார் நின்றுவிட்டார். தளபதியின் மார்பு கொஞ்சம் உள்ளே போனது.

குழந்தையை விடமாட்டார்கள் என்றால் அவர்களும் போக முடியாது. அவர்கள் போக முடியாது என்றால், ஜன்னலோர மேசை போய்விடும். வாரத்தில் ஆறு நாள் இருவரும் பேசிக்கொள்வது "சாவி எங்கே," "ஜுரம் இறங்கிடுச்சா," "குழாயை மூடினியா," இவ்வளவுதான். அந்த மேசையில் உட்காரும் ஒரு மணி நேரம் மட்டும் மனைவி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று எதற்கோ சிரிப்பாள். எட்டு வருடத்துக்கு முந்தைய சிரிப்பு அது. வேறெங்கும் வருவதில்லை, அவரும் வீட்டில் பல வகையில் முயன்று பார்த்துவிட்டார்.

"விடமாட்டாங்களா? நான் பேசறேன்," என்றார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு புரூஃப் தாளை எடுத்தார். "ஏன் துடைக்கக் கூடாதுன்னு பின்பக்கம் எழுதி வெச்சிருக்கேன். ஏழு வாதம்."

"ஏழா?"

"முதல் வாதம். துடைப்பது ஒரு தொழில். தொழிலை மதிக்கிறவன் அதில் தலையிட மாட்டான்."

"ஆஹா. நாலாவது?"

"நாலாவது, முன்னுதாரணம். அந்த மேசையில எட்டு வருஷமா நானே சிந்தியிருக்கேன். அப்போ யாரும் ஆட்சேபிக்கலை."

"நான் ஆட்சேபிச்சேன்," என்றாள் மனைவி.

உண்மைதான். அந்த நாளில் துடைத்தது அவள்தான்.

அப்போது அவள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் அந்தக் கடையில் மூன்று மணி நேரம் வேலை. அச்சகத்தில் இயந்திரச் சத்தம் தாங்காமல் ஒற்று சார் புரூஃபைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரத்துக்கு வந்துவிடுவார். ஒரு நாள் முழங்கை பட்டுக் காப்பி கவிழ்ந்தது. ஒரு பெண் துணியோடு வந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தள்ளுங்க," என்றாள். தள்ளினார். அவள் துடைத்தாள். ஈரம் காய்வதற்குள் மனிதர் விழுந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து முழங்கை தானாகப் படவில்லை, பட வைக்கப்பட்டது. திங்கட்கிழமை அரைக் கரண்டி. புதன்கிழமை ஒரு கரண்டி. குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருக்க, உள்ளே மஞ்சள் விளக்கு எரிய, வறுத்த காப்பியின் வாசனையில் அவள் மேசை மேசையாக வருவாள். தன் மேசைக்கு மட்டும் இரண்டு தடவை வரவைக்க என்ன வழி என்று அவர் யோசித்துக்கொண்டே இருப்பார். ஒரு பெண்ணோடு பேச ஆசைப்பட்டால் வாயைத் திறந்து பேசலாமே என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் அவர் வாயைத் திறந்தால் இலக்கணம்தான் வரும். அதனால் கோப்பையைக் கவிழ்த்தார்.

நாலு மாதம் கவிழ்த்த பிறகு தைரியம் வந்து கடிதம் எழுதினார். பதினோரு தடவை திருத்தி, பன்னிரண்டாவதாகப் படியெடுத்துக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு ஓடிப்போனார். 'உங்களை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து சிந்தித்துக்கொண்டே இருக்கிறேன்' என்று எழுத நினைத்தார். ஊரார் விடும் ஒற்றையெல்லாம் பிடிக்கிற மனிதர், சொந்தக் கடிதத்தில் ஒரு 'த்து'வை விட்டுவிட்டார். 'சிந்திக்கொண்டே இருக்கிறேன்.'

மறுநாள் கடிதம் அதே கோப்பைக்கு அடியில் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: 'தெரியும். துடைப்பது நான்தானே.'

கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது.

கடைக்குள் நுழைந்தார்கள். முதலாளியம்மா, அதாவது இருவருக்கும் அக்கா, கல்லாவுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் ஆட்டினார். சிரிக்கவில்லை. பரிமாறும் பெண் தூறலைப் பார்த்ததும் பக்கத்து மேசையிலிருந்த பூந்தொட்டியைத் தூக்கி உயரத்தில் வைத்தாள்.

ஜன்னலோர மேசைக்கு மேலே, சுவரில், ஒரு புதிய அட்டை. தூரிகையால் பெரிதாக எழுதியிருந்தது:

'குழந்தைகள் சிந்தித்ததை பெற்றோரே துடைக்கவும்.'

ஒற்று சார் படித்தார். மறுபடி படித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா! சிந்தித்ததை! குழந்தை யோசிச்சதை நாம துடைக்கணுமாம்! இவ என்ன யோசிக்கிறான்னு எனக்கு எப்படித் தெரியும்? எதை வெச்சுத் துடைக்கிறது?"

"சரி விடுங்க. யாரோ அவசரத்துல எழுதியிருக்காங்க."

"அதுக்கப்புறம் 'ப்' எங்கே? 'சிந்தித்ததைப் பெற்றோரே'ன்னு வரணும்."

"வராட்டி என்ன, காப்பியில சர்க்கரை குறையப்போகுதா? உக்காருங்க."

உட்கார்ந்தார். காப்பி வந்தது. தூறலுக்குச் சாக்லெட் பால் வந்தது. மனைவி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அவள் எப்போது சிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வழக்கம். இன்று முடியவில்லை. தலைக்கு மேலே அந்த 'த்த' அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பல்லில் நார் சிக்கிய மாதிரி இருந்தது. ஒரு வாய் குடிப்பார், நிமிர்ந்து பார்ப்பார். இன்னொரு வாய், மறுபடி நிமிர்வார்.

"கழுத்து சுளுக்கிக்கப்போகுது," என்றாள் மனைவி, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாலு பேர் வந்து போற இடம். படிக்கிற குழந்தைங்க பாத்தா மனசுல தப்பாப் பதிஞ்சுடும்."

"நம்ம விஷயம் இல்லைங்க அது. அக்காகிட்ட ஏழு வாதம் பேசணும்னு வந்தீங்க. அதைப் பாருங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். பிழையான சட்டத்தோட எப்படி வாதாடுறது? முதல்ல சட்டம் சரியா இருக்கணும். அப்புறம்தான் எதிர்க்க முடியும்."

இதைவிட ஆண்தனமான தர்க்கத்தை யாராவது காட்டினால் தெரிந்துகொள்ளலாம்.

எழுந்தார். நாற்காலியில் ஏறினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வந்தது. கடையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்பது தெரிந்ததும் அவர் கைக்குக் கொஞ்சம் நளினம் கூடியது. 'த்த'வை அடித்து மேலே 'ய' போட்டார். 'தை'க்குப் பக்கத்தில் அம்புக்குறி இட்டு ஒரு 'ப்' நட்டார். சற்றுப் பின்னால் சாய்ந்து பார்த்தார். 'குழந்தைகள் சிந்தியதைப் பெற்றோரே துடைக்கவும்.' என்ன ஒரு சுத்தமான வாக்கியம்!

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இனிப் பிழை இல்லை என்றால், புரூஃப் பார்த்தவர் வலது கீழ் ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழாமல் இயந்திரம் ஓடாது. விழுந்த பிறகு அந்தப் பக்கத்தில் இருப்பது எதுவானாலும் பொறுப்பு அவருடையது. பதினாறு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது பக்கம். கை மூளையைக் கேட்பதை நிறுத்திப் பதினைந்து வருடமாகிறது.

கை தானாக வலது கீழ் ஓரத்துக்குப் போனது. 'சரி.' கையெழுத்து. தேதி.

கீழே இறங்கினார். யாரோ கைதட்டினார்கள். அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்து அட்டையை உற்றுப் பார்த்தார். இப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"தம்பி, கையெழுத்தே போட்டுட்டியா!"

"வழக்கம், அக்கா. அது கிடக்கட்டும். இப்ப விஷயத்துக்கு வருவோம். முதல் வாதம்..."

சளக்!

தூறல் பேசக் கற்பதற்கு முன்பே சரியான நேரம் பார்க்கக் கற்றவள். சாக்லெட் பால் மேசையில் படர்ந்து, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, அப்பாவின் காலணி மேல் இறங்கி, கொத்தனார் கொடுத்த சரிவில் நாலாவது மேசையை நோக்கிப் புறப்பட்டது. கேக்கும் பின்னாலேயே விழுந்தது.

பரிமாறும் பெண் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடையில் எல்லோர் தலையும் முதலில் தரையைப் பார்த்தது. அப்புறம் அட்டையைப் பார்த்தது. அப்புறம் ஒற்று சாரைப் பார்த்தது.

"முதல் வாதம்," என்றார் அவர், கொஞ்சம் மெதுவாக. "துடைப்பது ஒரு தொழில்..."

"தம்பி," என்றார் அக்கா, "திருத்தினது நீ. சரின்னு எழுதினது நீ. கையெழுத்து உன்னுது. தேதிகூடப் போட்டிருக்கே."

"அது மொழிக்குப் போட்ட கையெழுத்து, அக்கா! கருத்துக்கு இல்லை!"

"அப்படின்னு எங்கேயும் எழுதலையே."

ஒற்று சார் அட்டையைத் திரும்பிப் பார்த்தார். பிழை இருக்கும்வரை அவர் கண்ணுக்குப் பிழை மட்டும்தான் தெரியும். பிழை போனதும் மற்றது தெரியத் தொடங்கியது. 'ழ'வின் வால் அளவுக்கு மீறி நீண்டு சுழிந்திருந்தது. 'றோ'வின் கொம்பு லேசாகச் சாய்ந்திருந்தது. வீட்டில் மளிகைப் பட்டியலில் தினமும் பார்க்கும் சாய்வு.

மெல்லத் திரும்பினார். மனைவி காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"நீயா எழுதினே?"

"புதன்கிழமை வந்திருந்தேன்," என்றாள். "அக்கா 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை'ன்னு எழுத அட்டையோட உக்காந்திருந்தாங்க. இந்த மேசையை விட எனக்கு மனசு வரலை. பெத்தவங்களே துடைச்சா விடுவீங்களான்னு கேட்டேன். அக்கா நம்பலை. எந்த அப்பன் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுவான், ஒருத்தனைக் காட்டு, அப்புறம் பாக்கலாம்னாங்க."

"அதுக்கு?"

"எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார்னு சொன்னேன்."

"'சிந்தித்ததை'ன்னு தெரிஞ்சேதான் எழுதினியா?"

"அதையும் எழுதினேன், 'ப்'பையும் விட்டேன். ஒரே ஒரு தப்புன்னா பெருந்தன்மையா விட்டுடுவீங்களோன்னு பயம்."

அக்கா உள்ளே போய் ஒரு வாளியும் துணியும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். "அடுத்த மாசமும் வாங்க, தம்பி. குழந்தையைக் கூட்டிட்டு வாங்க," என்றார். மேசை பிழைத்தது. ஏழு வாதமும் செத்தன. ஒற்று சார் கையிலிருந்த புரூஃப் தாளை ஒரு முறை பார்த்தார். பிறகு அதையும் பாலின் மேல் போட்டார். நன்றாக உறிஞ்சியது.

முழங்காலிட்டார். பதினாறு வருட வேலையில் அந்த முழங்கால் தரையில் பட்டதே இல்லை, சத்தம் போட்டது. துணியைப் பிழிந்து, கேக்கை அள்ளி, ஈரத்தை ஒற்றி எடுத்தார். நாற்காலிக் காலைச் சுற்றித் துடைத்தார். பரிமாறும் பெண் பரிவோடு தன் இரண்டு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தாள்.

மேசையின் மேல்புறத்துக்கு வந்தபோது நிமிர்ந்தார். ஜன்னலில் மாலை வெயில். வறுத்த காப்பியின் அதே வாசனை. மனைவி கன்னத்தில் கையை வைத்திருந்தாள். ஆனால் தெருவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்து, துடைக்கிற கையையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். உதட்டோரம் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்று சாரின் கை நின்றது. ஏதாவது சொல்லட்டும், இந்த ஒரு தடவை அவளே முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

அவள் மேசைமேல் குனிந்து, அவர் காதருகே வந்து, மிக மென்மையாகச் சொன்னாள்:

"அந்த மூலையில விட்டுட்டீங்க."