மூக்கு விடுதலை அடைந்த வரலாறு

பாரத தேசம் இரண்டு தடவை விடுதலை அடைந்திருக்கிறது. முதல் தடவையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டாவது, போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு நடந்தது. அன்றைக்குத்தான் புனேயில் ஒரு லேசர் மையத்தில், என் மகன் ஹரீஷின் மூக்கு முப்பத்தாறு வருஷ அடிமை வாழ்விலிருந்து விடுபட்டது.

நான் மூணாவது வரை படித்தவன். அரக்கோணம் பக்கத்திலிருந்து வந்து, இங்கே தாபோடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் இரும்பை அரம் போட்டு ராவினவன். என்னைப் போன்றவனுக்கு இந்த மகத்தான நிகழ்ச்சியைக் கிட்ட இருந்து பார்க்கிற பாக்கியம் கிடைத்தது என்றால், அதற்குக் காரணம் மருமகள் கோதை தன் அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக அம்பத்தூர் போயிருந்ததுதான். விடுதலை அடைகிறவருடன் வீட்டு மனுஷர் ஒருவர் வரவேண்டும் என்பது மையத்தின் சட்டம்.

மையத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நோட்டீஸ் அனுப்புவார்கள். அதைப் படிக்க என்னிடம் இப்போது கண்ணாடி இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதுதான் மீதி வரலாறு.

அங்கே ஜோசபின் என்று ஒரு நாகர்கோவில் பெண் 'ஆலோசகர்'. முதலில் ஹரீஷின் கண்ணாடியைக் கழற்றி ஒரு டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் காகிதக் கட்டை நீட்டினாள். பதினாலு இடத்தில் கையெழுத்து. எம்.டெக். படித்தவன் இல்லையா, அவள் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கண்ணை இடுக்கிக்கொண்டு போட்டான். சாட்சிக்கு நானும் ஒன்று போடவேண்டும் என்றாள்.

"படிச்சுக் காட்டும்மா" என்றேன்.

"எல்லாமா அங்கிள்?"

"எல்லாமும்தான். நான் அரைப் பாஸ். இவன் மாதிரி படிக்காமலே புரிஞ்சுக்க எனக்குத் தெரியாது."

"அப்பா, மானத்தை வாங்காதீங்க" என்றான் ஹரீஷ்.

ஒன்பதாவது பக்கத்தில், நாற்பது வயது தாண்டினவர்களுக்குக் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கலாம் என்று எழுதியிருந்தது.

"இவனுக்கு நாற்பத்தாறு ஆச்சே?"

"அது பொதுவா எல்லாருக்கும் போடறது அங்கிள்."

பொதுவாக என்றால் இவனுக்குக் கிடையாது என்று அர்த்தம் போலிருக்கிறது. படித்தவர்கள் பேசும்போது நாம் குறுக்கே பேசக்கூடாது. போட்டேன்.

கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. மயிர் கருகுகிற வாசனை வந்தது என்றான். ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, தூங்கும்போது கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொள்ளவேண்டும், வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளவேண்டும். கண்ணாடியை விடுவதற்கு வழி கண்ணாடி போட்டுக்கொள்வது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விஞ்ஞானம்.

நாங்கள் இருப்பது வாகட்டில், பதினாலாவது மாடி. நாலாம் நாள் காலை பால்கனியிலிருந்து கூப்பிட்டான்.

"அப்பா! ஹைவேல போற லாரி நம்பர் தெரியுது! எம்.எச். பதினாலு!"

"நல்லது. அந்த லாரி நமக்கு என்ன வேணும்?"

"உங்களுக்கு ஒரு சந்தோஷமும் கிடையாது."

எனக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கு மத்தியானம் பச்சை மிளகாயைப் பீன்ஸ் என்று நினைத்து மென்றான். அப்போது கண்ணில் வந்த தண்ணீரை, அந்த வேளைக்கான சொட்டு மருந்தாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாமா என்று ஜோசபினுக்கு போன் போட்டுக் கேட்டேன். கூடாதாம். ஆபீஸ் வேலைக்காக லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையின் அந்தக் கோடியில் வைத்து, இந்தக் கோடியில் உட்கார்ந்தான். போனில் எழுத்தைப் பெரிதாக்கினான். ஒரு திரைக்கு ஒரு வார்த்தை வந்தது. 'குட்' என்று ஒரு திரை, 'மார்னிங்' என்று அடுத்த திரை.

"கிட்டத்துல தெரியலையாடா?"

"தெரியுதுப்பா. இது பழகுற காலம்."

இதற்கிடையில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி வாட்ஸப் குழுவில் இவனுடைய கண்ணுக்கு வாழ்த்து நூற்றைத் தாண்டியது. மையத்துக்காரர்களுக்கு இது எட்டி, 'பார்வைக் கொடை' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். விடுதலை அடைந்தவர்கள் தங்கள் பழைய கண்ணாடிகளை ஏழைகளுக்குத் தரவேண்டும். பழைய சட்டையைத் தருவதில்லையா, அந்த மாதிரி. ஹரீஷை அதற்கு 'முதல் கொடையாளர்' ஆக்கினார்கள். லிஃப்ட் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி வந்து உட்கார்ந்தது. ஹரீஷ் வீட்டிலிருந்த ஆறு பழைய கண்ணாடிகளையும் வாரிப் போட்டான். ஏழாவதாக, ஃபிரிட்ஜ் மேல் இருந்த கறுப்புச் சட்டம் போட்ட ஒன்றையும் போட்டான்.

அது என்னுடையது.

எனக்குச் சர்க்கரை உண்டு. காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின், பதினெட்டு யூனிட். பேனா மாதிரி ஒன்று வந்திருக்கிறதாம், நான் நம்புவதில்லை. என் கையால், கோடு பார்த்து, சிரிஞ்சில் ஏற்றிப் போட்டுக்கொள்வேன். அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் அந்தக் கண்ணாடி. கண்புரை எடுத்த பிறகு, ஒரு கண்ணுக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு வேறு மாதிரி என்று அளந்து செய்தது. சனிக்கிழமை காலை ஃபிரிட்ஜ் மேல் கையை வைத்தால் தூசிதான் இருந்தது.

"கறுப்பா இருந்துதேப்பா. என்னோடதுன்னு நினைச்சேன்."

"கையில எடுத்தவன் பார்க்கலையா?"

"பார்த்தேனே!"

பார்த்திருக்கிறான். கிட்டத்தில் பார்த்திருக்கிறான்.

"சரி, இதுல பதினெட்டு ஏத்திக் குடு."

சிரிஞ்சை வாங்கிக் கையை முழுக்க நீட்டினான். தலையைப் பின்னால் இழுத்தான். ஜன்னல் பக்கம் திரும்பினான். "கரெக்டா பதினெட்டு" என்றான். குரலில் அசாத்தியமான உறுதி. அந்த உறுதியைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி வாட்ச்மேனிடம் காட்டினேன். "அட்டாயீஸ், காகா" என்றான். இருபத்தெட்டு.

மகன் படித்த படிப்புக்கும் வாட்ச்மேன் படித்த படிப்புக்கும் பத்து யூனிட் வித்தியாசம். அதைப் போட்டிருந்தால் மத்தியானத்துக்குள் நானும் விடுதலை அடைந்திருப்பேன்.

அன்றைக்கு வாட்ச்மேனே ஏற்றிக் கொடுத்தான். மறுநாள் ஞாயிறு, அவனுக்கு வார லீவு. சிக்னலில் விற்கிற கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். தரை எழுந்து வந்தது. கடையில் புதிதாகச் செய்ய நாலு நாள் என்றார்கள். கோதை அம்பத்தூரிலிருந்து போனில் கத்தினாள்: "ரெண்டு பேருக்கும் நாலு கண்ணு இருக்கு, ஒரு கோடு பார்க்கத் துப்பில்லையா? மாமா, யாராவது சரியா ஏத்திக் குடுக்கிற வரைக்கும் நீங்க ஒண்ணும் சாப்பிடாதீங்க!"

"பெட்டி எங்கடா போச்சு?" என்று ஹரீஷைக் கேட்டேன்.

"ஏரவாடா. இன்னிக்குத்தான் வழங்கும் விழா. நான்தான் தலைமை. முடிஞ்சதும் உங்களோடதைத் தேடிப் பார்க்கறேன்."

வழங்கி முடிந்த பிறகு தேடுவானாம். அவன் மையத்தின் காரில் போனான். நான் மருந்தையும் சிரிஞ்சையும் ஐஸ் வைத்த டப்பாவில் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஆட்டோ பிடித்தேன்.

ஏரவாடாவில் ஒரு சந்தில் பந்தல், மைக், மேஜை. மேஜை மேல் இருநூறு கண்ணாடிகளுக்குக் குறையாது. என்னுடையதைக் கண்டுபிடிக்க என்னுடையதைப் போட்டுக்கொண்டால்தான் முடியும் போலிருந்தது. இடது காதுக் கம்பியில் நான் நூல் சுற்றிவைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன்.

"அங்கிள், லைன்ல வாங்க" என்றாள் ஜோசபின். அப்புறம் அடையாளம் தெரிந்துகொண்டு, "உங்களுக்கும் வேணுமா?" என்றாள்.

"எனக்கும் இல்லைம்மா. என்னோடது."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கக்கூடாது அங்கிள்."

வழங்கும் முறை மிகவும் நேர்த்தியாக இருந்தது. வரிசையில் வருகிறவரின் மூக்கைப் பார்த்து, அதற்குப் பொருத்தமான சட்டத்தை மாட்டினார்கள். கைதட்டினார்கள். ஒரு பூக்காரம்மா ஹரீஷின் மைனஸ் ஆறு பவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இல்லாத படிக்குக் காலைத் தூக்கி வைத்து, இருக்கிற சாக்கடையில் விட்டாள்.

"இது யார் நம்பரு, எவ்வளவுன்னு பார்க்கறதில்லையா?" என்றேன்.

"பழகிடும் அங்கிள்" என்றாள் ஜோசபின்.

அப்போதுதான் பக்கத்தில் ஒருத்தர், "மில் கயா!", கிடைத்துவிட்டது என்று கூவினார். முகமது ரஃபீக் என்று ஒரு தையல்காரர், என் வயசு இருக்கும். கையோடு ஊசியும் நூலும் கொண்டுவந்து, பதினோரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டாவதில் நூல் ஊசிக் காதுக்குள் போய்விட்டது. பன்னிரண்டாவதன் இடது கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். நூல் சுற்றியிருந்தது.

நான் அப்படி ஒன்றும் நல்லவன் இல்லை. திருப்பிக் கேட்டேன்.

"அண்ணா, ரெண்டு வருஷமா ஊசி கோக்கப் பக்கத்து வீட்டுப் பொண்ணு கிட்டக் கெஞ்சிக்கிட்டிருக்கேன்" என்றார் அவர் இந்தியில்.

"பாய், நான் நேத்து வாட்ச்மேன் கிட்டக் கெஞ்சினேன். இதுல இன்சுலின் கோட்டைப் பார்க்கலைன்னா நான் சாப்பிட முடியாது."

"நான் பார்க்கலைன்னாலும் நான் சாப்பிட முடியாதே."

காலையில் எனக்கு, பகலில் அவருக்கு என்று வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தோம். வாகட்டுக்கும் ஏரவாடாவுக்கும் நடுவில் ஊர் முழுக்க இருந்தது. கடைசியில் ரஃபீக்தான் சொன்னார்: "முதல்ல உங்க மருந்தை எடுங்க. நான் ஏத்தித் தர்றேன். அப்புறம் சண்டை போடலாம். நூல் இடைவெளி பிசகாது என் கையில."

நம்பினேன். எழுபத்தொரு வயதில் நான் நம்பினது நாலைந்து பேர்தான். டப்பாவைத் திறந்து சிரிஞ்சை நீட்டினேன். அவர் மூக்கின் மேல் என் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

மைக்கில் ஹரீஷின் பெயரைச் சொன்னார்கள். 'கண்ணாடி இல்லாத வாழ்வு' என்பது தலைப்பு. பேச்சை அச்சடித்து வைத்திருந்தான். காகிதத்தைக் கிட்டப் பிடித்தான், தூரப் பிடித்தான். கை அதற்கு மேல் நீளவில்லை. சுற்றிலும் பார்த்தான். இரண்டு எட்டில் எங்களிடம் வந்தான்.

"ஏக் மினிட், பாய்" என்று ரஃபீக்கின் மூக்கிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டான்.

அருமையான பேச்சு. ஒரு வார்த்தை தடுக்கவில்லை. கண்ணாடி என்பது ஒரு ஊன்றுகோல், அதைத் தூக்கி எறிந்த நாளில் நான் மறுபிறவி எடுத்தேன் என்றான். என் கண்ணாடி வழியாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துச் சொன்னான். கைதட்டல் அடங்கவில்லை. முடித்ததும், பழக்கதோஷம், கழற்றி மடித்துச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டான். அடுத்த விழா தாபோடியில் பன்னிரண்டு மணிக்காம். ஜோசபின் காரின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"டேய் ஹரீஷ்! கண்ணாடி!"

"அப்பா, உங்களுக்குக் கேப் புக் பண்ணிட்டேன்! வண்டி நம்பர் மெசேஜ்ல இருக்கு, பார்த்துக்கோங்க!"

மறுபடி கத்தினேன். சந்து முனையில் திரும்பும்போது ஜன்னலை இறக்கி என்னைப் பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்து என்னை அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. சிரித்துக் கை ஆட்டினான்.

ரஃபீக்கும் நானும் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தோம். அவர் கையில் ஊசி. என் கையிலும் ஊசி.

"உங்க பையனா?" என்றார்.

"பார்வைக் கொடையாளர்" என்றேன். "ரெண்டு பேரோட பார்வையைப் பையில போட்டுக்கிட்டு, கொடுக்கத்தான் போயிருக்கார்."