புழு ஆன்ட்டியும் மந்திரித்த உப்பும்

பிரேசர் டவுன் முழுக்கத் தேடினாலும், பந்தியில் எதிரே உட்கார எல்லாரும் பயப்படும் ஒரே பெண்மணி புழு ஆன்ட்டியாகத்தான் இருப்பார். எங்கள் பழைய தெருவில் நாய்கள்கூட அவர் வந்தால் எழுந்து அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

ஞானஸ்நானத்தில் அவருக்கும் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். யாருக்கும் அது நினைவில்லை. பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவர், அடுத்த நாளே வீட்டில் நூற்புழு வளர்க்க ஆரம்பித்தார். கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு மண்ணில் இருந்துகொண்டு, செடியைத் தின்னும் பூச்சிகளைத் தேடிப்பிடித்துக் கொல்லும். அதற்குத் தீனியாக மெழுகுப் பூச்சியின் புழுக்களைத் தேனும் தவிடும் ஊட்டி வளர்ப்பார். அவை செங்கல் நிறத்தில் செத்துக் கிடக்கும் தட்டுகள்தான் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் அலங்காரம். கிறிஸ்துமஸுக்கு அவர் கொடுத்தனுப்பும் குல்குல் என்ற இனிப்புப் பலகாரமும் புழுப் போலவே சுருண்டு சுருண்டு இருக்கும் என்பதால், தெருவில் ஒரு வீட்டிலும் யாரும் அதைத் தொட்டதில்லை.

என் அக்கா மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், பிரியாணி வந்த நேரம் பார்த்து ஆன்ட்டி தன் புழுக் கதையை ஆரம்பித்தார்.

"குட்டிப் புழு மண்ணுல அலையும்பா. வாய் மூடியே இருக்கும். ஒண்ணும் சாப்பிடாது. வேர்ப்புழு ஒண்ணு ஆப்ட்டா, வாயோ மூச்சுத் துளையோ பின்வாசலோ, எது தொறந்திருக்கோ அது வழியா உள்ள போயிடும். போய், வயித்துல வெச்சிருக்கிற பாக்டீரியாவைக் கக்கும். ரெண்டு நாள்ல ஆள் காலி. அப்புறம் உள்ளேயே தின்னு, வளர்ந்து, குடும்பம் நடத்தி, புள்ள பேரன்னு எடுத்து, சாப்பாடு தீர்ந்ததும் தோலைக் கிழிச்சிட்டுக் கூட்டமா வெளிய வந்துடும். அடுத்த ஆளைத் தேடிப் போகும்."

"நம்ம பங்குப் பேரவை மாதிரியே இருக்கே ஆன்ட்டி" என்றார் என் மாமா.

"சும்னே பேசாத. என் புழு உழைச்சுச் சாப்பிடுது" என்றார் ஆன்ட்டி.

கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் அந்தப் பேரவையின் செயலாளர் அதே பந்தியில்தான் இருந்தார். அவருக்கு ஒரு பெரிய கார் உண்டு, நிறுத்த இடம் இல்லை. கோயிலில் மாதா சொரூபம் வைத்த குகையான கெபிக்குப் பக்கத்து ரோஜாத் தோட்டத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். அது ஆன்ட்டி தன் கையால் வைத்து வளர்த்த தோட்டம். அந்த வருஷம் வேர்ப்புழு விழுந்து செடிகள் வாட ஆரம்பித்ததும், செயலாளர் அங்கே கார் நிறுத்த பேவர் பிளாக் கல் போட ஆள் பேசிவிட்டார். மாதா திருவிழாவுக்குள் செடி தேறாவிட்டால் தோட்டம் போய்விடும் என்று ஃபாதரும் சொல்லிவிட்டார். அன்று ஆன்ட்டியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வெயில் பட்டால் நூற்புழு செத்துவிடும் என்பதால், பொழுது சாயக் காத்திருந்து, இருந்த புழு மொத்தத்தையும் தண்ணீரில் கலந்து பூவாளியால் ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலை செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் வாடிய செடிகளைப் பார்த்து மனம் உருகினார்கள். பூச்சி பட்ட மண்ணுக்கு மந்திரித்த உப்புப் போடுவது அவர்கள் வழக்கம். ஒருத்தி கைப்பிடி போட்டால் அடுத்தவள் பாக்கெட்டையே கவிழ்த்தாள். பக்தியில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

ஆன்ட்டி வந்து பார்த்தபோது பாத்தி வெள்ளையாக இருந்தது.

"ஃபாதர், நீங்க மந்திரிச்சாலும் உப்பு உப்புதான். என் புழு எல்லாம் கருவாடாயிருக்கும்" என்றார். ஃபாதர் வானத்தைப் பார்த்தார்.

பைப்பைப் பிடித்து உப்பெல்லாம் கரைந்து போகும்வரை ஆன்ட்டியே பாத்தியை அலசினார். பிறகு வீட்டில் மறுபடி புழு வளர்த்தார். எல்லாரும் பூசையில் இருந்த ஒரு சாயங்காலம் இரண்டாவது தடவை ஊற்றினோம். பூவாளியைச் சுமந்தவன் நான். சில நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது வேர்ப்புழுக்கள் செங்கல் நிறத்தில் கிடந்தன. ஆன்ட்டி ஒன்றைக் கையில் எடுத்து, பேரக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

திருவிழாவுக்கு ரோஜா பூத்தது. பிரசங்கத்தில் ஃபாதர், செபமாலைப் பெண்களின் விசுவாசத்தாலும் மந்திரித்த உப்பாலும் நடந்த புதுமை இது, மாதாவின் அற்புதம் என்றார். நான் ஆன்ட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பைபிளில் யோனா தீர்க்கதரிசியை மீன் விழுங்கியதாக வாசித்தபோது, எந்த வகை மீன் என்று நடுப்பூசையில் எழுந்து கேட்டவர் அவர். அன்று கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் ஆன்ட்டி ஒண்ணும் பேசல?"

"லூசாடா நீ? புழுவால பொழைச்சுதுன்னா, நான் போனப்புறம் அந்த ஆளு கல்லைப் போட்ருவான். புதுமையால பொழைச்சுதுன்னா எவன் கை வைப்பான்?" என்றார்.

செயலாளர் இன்னும் தெருவில்தான் காரை நிறுத்துகிறார். பக்தர்கள் கொண்டுவரும் உப்புக்கென்று கெபியடியில் ஆன்ட்டி ஒரு டிரம் வைத்திருக்கிறார். தன் பெருமையைச் சொல்லாமல் ஒரு நாளும் இருக்க முடியாத மனுஷி, ஒரு பாத்தி ரோஜாவுக்காக அதை அடுத்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

வைட்ஃபீல்டுக்குக் குடிபோன பிறகும், செப்டம்பர் வந்தால் அத்தனை டிராஃபிக்கையும் தாண்டி அந்தக் கோயிலுக்குப் போகிறேன். திருவிழாவுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். நான் யாரைப் பார்க்கப் போகிறேன் என்று மாதாவுக்குத் தெரியும்.