பாதி லாரியின் முதலாளி

திண்டிவனம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டிக்கு வெளியே லாரிகள் வெயிலில் வரிசை கட்டி நின்றன. கோதண்டபாணியின் லாரிக்கு மட்டும் கேட் திறந்தது. திறந்த வாட்ச்மேன் கும்பிட்டான். பிறகு தன் தகர அறைக்குள் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"கும்பிட்டது சரி பாய், எதுக்குத் தாப்பா போட்டுக்கினான்?" என்றார் கோதண்டபாணி.

டிரைவர் யாஹ்யா கண்ணாடியைத் துடைத்தார். "மரியாதைதான் ஓனரே. பேசாம குந்திக்கினு வாங்க. வெளிய கேக்கப் போவுது."

கோதண்டபாணி விழுப்புரத்தில் பட்டனும் ஜரிகையும் விற்றவர். எல்லோரும் போனிலேயே வாங்கப் பழகியபின் அவர் கடைக்கு வழி கேட்கத்தான் ஆட்கள் வந்தார்கள். லாரியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஹாரன் கேட்டால் ஓரமாக ஒதுங்க வேண்டும் என்பதுதான். இந்த அறிவை மூலதனமாக வைத்து, மகள் பவானிக்கென்று வானூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று, திண்டிவனம் ராம்கியின் ஒற்றை லாரியில் பாதிப் பங்கு வாங்கினார். மனைவி சௌந்தரம் சண்டை போடவில்லை. மனையைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள் என்றாள். அன்றிலிருந்து, குழம்பில் உப்பு போதுமா என்று கேட்பதுகூட பவானி வழியாகத்தான்.

அந்தப் பங்கு, போன வருஷம் மாரடைப்பில் இறந்த ராஜாங்கம் என்பவருடையது. ராம்கி இதை மறைக்கவில்லை. அவர் மனைவிக்கு லாரி வேண்டாமாம், கையெழுத்தெல்லாம் தானே வாங்கி வந்துவிடுவதாகச் சொன்னார். கோதண்டபாணியைப் பார்த்த நிமிஷமே சம்மதித்தும் விட்டார். நிபந்தனை மூன்றே மூன்று. ஒவ்வொரு லோடுக்கும் கூட வர வேண்டும். ராம்கி தைத்துக் கொடுத்த சந்தனக் கலர் சட்டையைப் போட்டுக்கொண்டு இடதுபக்க சீட்டில் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

"வாயத் தொறந்தா தொழில் தெரியாதுன்னு கண்டுபிடிச்சிருவாங்க சார்" என்றார் ராம்கி. கோதண்டபாணிக்கு அது நியாயமாகப் பட்டது. கடையில் இருபது வருஷம் பேசி என்ன விற்றுவிட்டோம்?

ஆரம்பத்தில் எல்லாம் ஜோராக இருந்தது. போன இடமெல்லாம் முதல் லோடு அவர்களுக்கு. மூட்டை ஏற்றுகிறவர்கள் ஓட்டமாக ஓடி ஏற்றினார்கள். முதலாளி என்றால் சும்மாவா என்று கோதண்டபாணி மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். ஒதுக்கியதைப் பார்த்த ஒருவன் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் கவனித்தார். யாரும் அவர் பக்கத்துக் கதவு வழியே வருவதில்லை. பேச்சு சலசலவென்று போய்க்கொண்டிருக்கும். லாரி நுழைந்ததும் நின்றுவிடும். வெயிலில் நின்றவர்கள் கைகளைக் கட்டிக்கொள்வார்கள், குளிர்கிற மாதிரி. எல்லாப் பார்வையும் இடதுபக்க சீட்டுக்கு வரும். ஆனால் அவர் திருப்பிப் பார்த்தால் ஒரு கண்ணும் நிற்காது.

யாஹ்யாவை நெருக்கிக் கேட்டார். பாய் கியரை மாற்றிவிட்டு, "ராஜாங்கம் அண்ணன் அந்த சீட்லதான் உசுர உட்டாரு" என்றார்.

கோதண்டபாணி சீட்டின் நுனிக்கு நகர்ந்தார். அவர் உட்கார்ந்திருப்பது ஒரு செத்த மனிதரின் மடியில். ஊரே அதைப் பார்க்கிறது. அவருக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் இடம் மாறினார். சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகையில், திரைக்குப் பின்னே உட்கார்ந்துகொண்டார். கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தியபோது புழுக்கம் தாங்காமல் திரையை விலக்கி, இருட்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். டீ மாஸ்டர் அண்ணாந்து ஆற்றிக்கொண்டிருந்த டீ தரைக்குப் போனது. பெஞ்சில் இருந்தவர்கள் செருப்பை விட்டுவிட்டு எழுந்து போனார்கள். அத்தனை செருப்பும் லாரியைப் பார்த்தபடி கிடந்தன.

"பின்னாடியும் வந்துட்டாரு பாய்" என்று முனகினார் கோதண்டபாணி.

"முன்னாடியே குந்துங்க ஓனரே. பேஜாரு பண்ணாதீங்க."

முகையூர்ப் பக்கம் லோடு போன அன்று, பேய் ஓட்டுகிற பூசாரி ஒருவரைத் தேடிப் போனார். பூசாரி அவரைக் கண்டதும் வேப்பிலையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மந்திரித்த கயிற்றை ஒரு தொரட்டுக் கோலின் நுனியில் மாட்டி நீட்டினார். விபூதியைத் தட்டோடு வீசினார். வெளுத்த முகத்தோடு கோதண்டபாணி ரோட்டுக்கு வந்தபோது, எதிரே வந்த ஷேர் ஆட்டோ அப்படியே ரிவர்ஸில் போனது.

அந்த வாரம் கூட்டேரிப்பட்டில் இன்னொன்று நடந்தது. லாரி நிற்கும் புளியமரத்தடியில் தலைவாழை இலை போட்டிருந்தது. சோறு, மீன் குழம்பு, வறுத்த கோழி, பக்கத்தில் ஒரு சிகரெட். சுற்றிலும் ஆள் இல்லை. லாரித் தொழிலில் முதலாளிக்கு இப்படித்தான் செய்வார்கள் போல என்று கோதண்டபாணி நெகிழ்ந்தார். பூசாரியைப் பார்த்துவிட்டு வந்த பயத்தில் சரியாகச் சாப்பிட்டே நாளாகியிருந்தது. சப்பணம் போட்டு உட்கார்ந்து இலையை வழித்துச் சாப்பிட்டார். கடைசியில், பழக்கம் இல்லாவிட்டாலும் மரியாதைக்கு சிகரெட்டையும் பற்றவைத்து இருமினார்.

மளிகைக் கடை ஷட்டருக்குக் கீழே, ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகக் கண்கள் தெரிந்தன.

டயருக்குக் காற்று பிடித்துவிட்டு வந்த யாஹ்யா இலையைப் பார்த்தார். "அது செத்தவருக்கு வச்ச படையல் ஓனரே."

கோதண்டபாணி சிகரெட்டைக் கீழே போட்டார். செத்த மனிதரின் சீட்டைப் பிடித்துக்கொண்டது போதாதென்று சோற்றையும் தின்றாயிற்று. பங்கைத் திருப்பிக் கொடுக்கலாமென்றால் மனை போய்விட்டது. வைத்துக்கொள்ளலாமென்றால் உயிர் போய்விடும் போலிருந்தது. பவானியிடம் சொல்லலாம். அவள் சௌந்தரத்திடம் சொல்வாள். சௌந்தரம் பதிலை பவானியிடம் சொல்லி அனுப்புவாள். அதற்குப் பேயே தேவலை.

ஒரு வழிதான் இருந்தது. ராஜாங்கத்தின் மனைவியைப் பார்த்து, வீட்டுக்காரரின் ஆத்மா சாந்தியாக ஏதாவது செய்யச் சொல்வது. யாஹ்யாவிடம் சொன்னதும் பாய் முதல்முறையாகப் பதறினார். அந்தம்மாவை மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினார். கோதண்டபாணி கேட்கவில்லை. விசாரித்துக்கொண்டு, திண்டிவனத்தின் கடைசித் தெருவில் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். யாஹ்யா லாரியை விட்டு இறங்கவில்லை.

சூர்யகலா கதவைத் திறந்தாள். அலறவில்லை. ஓடவில்லை. கதவுப் பிடியில் கை அப்படியே இருக்க, பார்த்துக்கொண்டே நின்றாள். கோதண்டபாணி வழியெல்லாம் தயார் செய்துவைத்திருந்த பேச்சை ஆரம்பிக்க வாயைத் திறந்தார். அவள் உள்ளே போனாள். தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்து வந்து, வாசல் நாற்காலியைக் காட்டினாள்.

கோதண்டபாணி உட்கார்ந்தார். சாப்பிட்டார். எதிரே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கவளமும் உள்ளே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

"நல்லா சாப்புடுங்க" என்றாள். "அன்னைக்கிக் கோவிச்சிக்கினு சாப்புடாமலே வண்டியேறிப் போய்ட்டீங்க."

கோதண்டபாணி அந்தத் தெருவுக்கு வருவதே இதுதான் முதல்முறை. மெல்லத் திரும்பித் தன் தோளுக்குப் பின்னால் பார்த்தார். சுவர்தான் இருந்தது. மிச்சச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றார். ஏனென்று அவருக்கே தெரியவில்லை. வைத்துவிட்டு எழுந்தால் அந்தப் பெண் தாங்கமாட்டாள் என்று தோன்றியது. அவள் தட்டை வாங்கிக்கொண்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "இப்ப போங்க" என்றாள்.

லாரியில் ஏறியதும் கதவை இழுத்துச் சாத்தினார்.

"அவரு என் பின்னாடியே நிக்கிறாரு பாய். அந்தம்மா அவருகிட்ட பேசுது. எனக்கு இந்தத் தொழிலே வேணாம். அனுபவம் இருக்கிற ஆளா பாத்து ராம்கி சேத்துக்கட்டும்."

யாஹ்யா வண்டியைக் கிளப்பவில்லை. அந்த வீட்டு வாசலைக் காட்டிச் சொன்னார்.

"அனுபவம் இருக்கிறவங்க எத்தினியோ பேரு பங்கு கேட்டு வந்தாங்க ஓனரே, அதுல ஒருத்தருக்கும் ராஜாங்கம் அண்ணன் மூஞ்சி இல்லையே."